கட்டைவிரல் தின்ற உப்பு

எங்கள் லூர்தம்மாள் நகரில் உப்பு இறங்கியதற்கும் பிறகு அது ஏறியதற்கும் நான்தான் காரணம் என்று நாற்பத்திரண்டு வீட்டிலும் சொல்வார்கள், இறங்கியபோது எனக்குச் சால்வை போட்டவர்களும் அவர்கள்தான், ஏறியபோது என் வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கியவர்களும் அவர்கள்தான், ஆகவே இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தவள் என்ற முறையில் நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரொமால்டு சார் ஒரு மாதிரி சொல்வார், அதில் அவர் முதலிலிருந்து கடைசிவரை நல்லவராகவே இருப்பார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் என் மகன் ஜெரோம் தூத்துக்குடியை விட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். போகிற அவசரத்தில், “அம்மா, இனிமே என்னப் பாக்கணும்னா இதுல பாத்துக்கோங்க” என்று முகநூலில் எனக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்து, பாஸ்வேர்டைக் காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்துவிட்டுப் போனான். முதல் வருடம் முழுக்க எனக்கு அது ஒரு ஜன்னல், அதில் என் பிள்ளை இளைத்திருக்கிறானா, சட்டைக் காலர் அழுக்காக இருக்கிறதா, பக்கத்தில் நிற்கிற பெண் யார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவேன். ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்டு மணல்மேட்டில் நின்றான். அதன் கீழே, “அன்புள்ள ஜெரோம், இங்கு அனைவரும் நலம், மிகவும் கறுத்துவிட்டாய், எண்ணெய் தேய்த்துக் குளி, இப்படிக்கு அம்மா” என்று எழுதினேன். கடிதம் என்றால் தலையும் காலும் இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் நண்பர்கள் நாற்பது பேர் சிரித்தார்கள். அடுத்த வருடம் என் மகன் தன் படங்கள் எல்லாம் ஊருக்குத் தெரியும்படியும் எனக்கு மட்டும் தெரியாதபடியும் செய்துவிட்டான். ஜன்னல் இருந்தது, பார்க்க ஆளில்லை. சும்மா கிடக்கிற ஜன்னலில் எதையாவது வைப்போமே என்று சீலா மீன் குழம்பை வைத்தேன்.

ஏழு லைக் விழுந்தது. இருபத்தைந்து வருடம் மூன்று வேளை சமைத்து, “ம்” என்ற ஒற்றை எழுத்துக்குமேல் பாராட்டு வாங்காதவளுக்கு ஏழு என்பது ஒரு கூட்டம். அதன் பிறகு நான் சமைத்ததெல்லாம் செல்போனுக்குத்தான். ஒரு தட்டை ஜன்னலோரம், மேசை, மொட்டைமாடி என்று மூன்று இடம் தூக்கிக்கொண்டு திரிந்தேன், யாரும் தின்னாத கறிவேப்பிலையை ஓரத்தில் சொருகினேன், என் வீட்டுக்காரர் லயோனல் கையைக் கழுவிவிட்டு ஈரம் காயும்வரை உட்கார்ந்திருந்தார். மூன்று வருடத்தில் எனக்குத் தொள்ளாயிரம் நண்பர்கள். அதில் எண்ணூறு பேரை நான் கண்ணால் கண்டதில்லை, ஆனால் என் குழம்பின் நிறம் அவர்களுக்குத் தெரியும்.

உப்பு முதலில் இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

“ஜெசி, உப்பு போட மறந்துட்டியா?” என்றார் லயோனல்.

“நேத்து வரைக்கும் மறக்காதவ இன்னைக்கு மறப்பேனா? ஒங்க நாக்குதான் செத்துப்போச்சு.”

வாயில் விட்டுப் பார்த்தேன், புளி இருந்தது, காரம் இருந்தது, உப்பு மட்டும் அறவே இல்லை, போட்ட கை என் கை, போட்டதைக் கண்ட கண்ணும் என் கண். அன்றைக்குப் படத்துக்கு அறுபத்தியொரு லைக். மறுநாள் கணவாய்ப் பொரியலுக்குப் பதினெட்டு, அதில் உப்பு பாதி. அதற்கு மறுநாள் படமே எடுக்காத ரசம் சரியாக இருந்தது. ஒரே சட்டியில் கொதித்த குழம்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றைப் படமெடுத்து ஒன்றை மூடிவைத்து, பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்கிற மாதிரி நாலு நாள் பார்த்தேன். சந்தேகமில்லை. கட்டைவிரல் விழ விழ, படத்தில் இருக்கும் பொருளிலிருந்து உப்பு போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று லயோனல் ஒரு தடவை கேட்டார், நான் கேட்கவில்லை, எனக்கு மத்தியானச் சமையல் இருந்தது.

வழி கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எண்பது லைக் வரும் என்று தோன்றினால் இரண்டு கரண்டி உப்பு கூடுதலாகப் போட்டுவிடுவேன், எல்லாம் போக மிச்சம் சரியாக நிற்கும். ஒரே ஒரு நாள், நண்டுக் குழம்புக்கு நூறு பேரை நம்பி உப்பை அள்ளிப் போட்டேன். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். லயோனல் ஒரு வாய் வைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, “இன்னைக்கு ஒன்ன யாரும் கண்டுக்கலயோ” என்றார்.

செய்தி எதிர்வீட்டு ஸ்டெல்லா மைனியிடமிருந்து தெரு முழுக்கப் பரவ ஒரு பகல் போதும். அவள் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பே ஆகாது, அவருக்கோ கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஒரு காலை அவள் தட்டோடு வந்து, “ஏ ஜெசிந்தா, இந்த நெத்திலியக் கொஞ்சம் ஒன் பக்கத்துல போடேன், ஒரு முப்பது பேர் பாத்தாப் போதும்” என்றாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. மாவு மில்லில் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார்கள், இன்னாருக்கு இருபது, இன்னாருக்கு ஐம்பது என்று டாக்டர் சீட்டைக் காட்டினார்கள், உப்பு கூடிப்போன ஊறுகாய் ஜாடிகள் வந்தன, ஒருத்தி மாமியார் செய்த வடகத்தைக் கொண்டுவந்து, “முந்நூறு வாங்கிக் கொடுங்க, வாயில வைக்க வழியில்ல” என்றாள். நானும் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகுதான் தண்ணீர் வந்தது. எங்கள் நகருக்கு மூன்று பக்கமும் உப்பளம். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் காயும். குடிக்க மட்டும் லாரித் தண்ணீர். ரொமால்டு சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றாமல் செய்ய மாட்டார். “மைனி, நெத்திலிக்கு எறங்குற உப்பு, தண்ணித் தொட்டிக்கு எறங்காதா?” என்று என்னிடம் அவர்தான் கேட்டார்.

கேட்டதோடு நிறுத்தியிருந்தால் முதல் தடவையே இறங்கியிருக்கும். சங்கத்தின் ஒன்பது பேரும் வேட்டி சட்டையில், தோளில் சால்வையோடு, மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டு, இப்போது எடுங்கள் என்றார்கள். “தொட்டிய எடுக்கணும் சார், ஒங்கள இல்ல” என்றேன். “சும்மா ஒரு ஓரமா நிக்கோம் மைனி” என்றார். ஒன்பது பேர் ஒரு ஓரமாக நின்றால் தொட்டிக்கு எங்கே இடம்? அந்தப் படத்துக்கு நானூற்றுப் பதினாறு லைக், வெளிநாட்டிலிருக்கிற மருமக்கள் எல்லாரும் போட்டார்கள். தொட்டித் தண்ணீர் அப்படியே கரித்தது. ஒன்பது பேரும் சாயங்காலத்துக்குள் தலை சுற்றி, கால் பின்னி, ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்று ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் ஒன்பது கட்டிலில் போட்டு டிரிப் ஏற்றினார்கள். இரண்டு நாளைக்கு அவர்கள் வேர்வையை நக்கிய ஈகூடத் திரும்பி வரவில்லை என்று ஸ்டெல்லா மைனி சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் நான் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மதில்மேல் வைத்து, பின்னால் தொட்டி தெரிய, ஆள் யாரும் இல்லாமல் எடுத்துப் போட்டேன். ஆயிரத்து இருநூறு. அன்று மத்தியானம் நாற்பத்திரண்டு வீட்டிலும் பருப்பு குழைந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு பம்பு செட் ஆனேன். காலை ஆறரைக்கு டம்ளர் படம், கூடவே ஒரு பூ, ஒரு காலை வணக்கம். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் பல் துலக்குவதற்கு முன்னால் லைக் போட வேண்டும், டொராண்டோவில் இருக்கும் சொந்தங்கள் படுக்கப் போவதற்கு முன்னால் போட வேண்டும், கோயிலில் பூசை முடிந்ததும் ஆண்கள் செருப்பைத் தேடுவதற்கு முன்னால் செல்போனைத் தேடினார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு வெளிநாட்டில் எத்தனை பேர், அவர்கள் தினமும் கையெழுத்துப் போடுகிற மாதிரி லைக் போடக்கூடியவர்கள்தானா என்று விசாரித்தார்கள். இதயக் குறி இரண்டு லைக்குக்குச் சமம், சிரிக்கிற மூஞ்சி கூட்டாது குறைக்காது, பிற்பாடு வந்த சிவந்த கோப மூஞ்சி மட்டும் ஒவ்வொன்றுக்கும் மூன்று லைக் அளவு உப்பைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும் என்பதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

தினமும் டம்ளர் பிடிக்கிற சிரமம் எனக்கு வேண்டாம் என்று, என் பக்கத்தின் உச்சியில் என் முகம் இருந்த இடத்தில் தொட்டியின் படத்தை நிரந்தரமாக வைக்கச் சொன்னார் ரொமால்டு சார். வைத்தேன். அதன் பிறகு நான் என்ன போட்டாலும், எதைப் பற்றி எழுதினாலும், விழுகிற விரல் எல்லாம் நேராகத் தொட்டிக்குத்தான் போயிற்று. வசதிதான். ஆனால் அந்த வருடம் தவக்காலத்தில், சாமியார் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்ததைப் பற்றி நாலு வரி எழுதினேன். எழுபது கோப மூஞ்சி. மறுநாள் தெருவில் யார் வீட்டிலும் பருப்பு வேகவில்லை. சங்கம் கூடித் தீர்மானம் போட்டது, வாசித்துக் காட்டினார்கள்: திருமதி ஜெசிந்தா லயோனல் அவர்கள் பொதுநலன் கருதி இனி கருத்து எதுவும் தெரிவிக்காமல் இருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார். அன்புடன் என்ற வார்த்தையை எழுதத் தெரிந்தவர்களிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. நாலு வருடம் ரோஜாப்பூவும் சூரிய உதயமும் குழந்தை ஏசுவும் போட்டேன், பிறந்தநாள்காரர்களை எல்லாம் வாழ்த்தினேன், வாயில் வந்ததை எல்லாம் விழுங்கினேன், என் பக்கத்தைத் திறந்தால் எனக்கே அது யார் வீடு என்று தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் முத்தரசி வந்தாள். எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் உப்பளத்து ஆட்கள் இருக்கிற லைன் வீடுகள், அங்கே கிணறும் உப்பு, மண்ணும் உப்பு. நகரில் நல்ல தண்ணீர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, வாசல் பம்பு அறையை ஒட்டியிருந்த குழாய்க்குப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். முத்தரசிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, பாத்தியில் நின்று உப்பு வாருகிறவள், காலையிலிருந்து மத்தியானம்வரை கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர். அவளுக்குச் சர்க்கரை வேறு. வலது காலில் ஒரு புண், ஆறாமல் அகன்றுகொண்டே போயிற்று. தினமும் இரண்டு வேளை நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டினால் ஆறும், இல்லையென்றால் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் குழாயடியில் உட்கார்ந்து காலைக் கழுவுவாள். ஒரு மாதத்தில் புண்ணின் ஓரம் சிவந்து, தோல் பிடிக்கத் தொடங்கியது. “யக்கா, ஒங்க ரோசாப்பூவு வேல செய்யுது” என்பாள்.

சாயங்காலமானால் தொட்டியில் தண்ணீர் அடியில் கிடக்கிறது என்று முதலில் ஒருவர் முனகினார். பிறகு இரண்டு பேர். பிறகு ரொமால்டு சார் கூட்டம் போட்டார். “இது நம்ம லைக்குக்கு வந்த தண்ணி. அவுங்க யாராவது ஒரு லைக் போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். கூட்டம் யோசித்துப் பார்த்தது. போடவில்லை. நியாயமாகத்தான் பட்டது எல்லாருக்கும். லைக் போடாதவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானம், மறுநாள் குழாயைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பித்தளைப் பூட்டு.

முத்தரசி பூட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். “யக்கா, எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. அதுல கட்டவெரல எங்க அமுக்கணும்னு ஒங்க சாரயே வந்து காட்டச் சொல்லுங்க.”

பத்து நாள் அவளுக்கு என் சமையலறையிலிருந்து தண்ணீர் கொடுத்தேன், பின்வாசல் வழியாக, திருட்டுச் சாமான் கொடுக்கிற மாதிரி. பத்து நாளும் காலை ஆறரைக்கு ரோஜாப்பூவும் போட்டேன். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பதினோராம் நாள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஐந்தாம் நம்பர் வீட்டில் தண்ணீர் செலவு கூடுதலாக இருக்கிறது, மைனியிடம் சொல்லிவையுங்கள் என்று லயோனலிடம் சொல்லிவிட்டுப் போனார். முத்தரசியும் அதைக் கேட்டாள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நொண்டிக்கொண்டே போனாள், அடுத்த ஒரு வாரம் வரவில்லை. நான் தேடிப் போனபோது கால் மறுபடியும் வீங்கி, புண் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

“இத ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்றேன்.

“என் காலுக்கு உப்பு கூடிராதே?”

“கூடாது. எல்லாம் தொட்டிக்குத்தான் போகும்.”

“அப்ப எடுங்க. மூஞ்சிய எடுக்காதீங்க, கால எடுங்க. காலுக்கு என்ன வெக்கம்?”

காலை ஒரு படம், பூட்டை ஒரு படம். காலை ஆறரைக்கு ரோஜாப்பூ வரும் என்று தூக்கக் கண்ணோடு விரலை நீட்டிக்கொண்டிருந்த உலகத்துக்கு அதைப் போட்டேன். கீழே எழுதினேன்: இது முத்தரசியின் கால். இவள் நிற்கிற தண்ணீரில்தான் உங்கள் சோற்றுக்கு உப்பு விளைகிறது. இது எங்கள் தெருக் குழாயின் பூட்டு. இவள் லைக் போடவில்லை என்பதற்காக இதைப் போட்டிருக்கிறோம். போட்டிருக்கிறோம் என்றுதான் எழுதுகிறேன், போட்டிருக்கிறார்கள் என்று எழுதவில்லை, பூட்டு விழுந்த நாளிலிருந்து நான் உங்களுக்குப் பூ காட்டிக்கொண்டிருந்தேன். இப்படிக்கு, ஜெசிந்தா லயோனல், ஐந்தாம் நம்பர் வீடு, லூர்தம்மாள் நகர்.

எட்டு மணிக்கு இருநூறு கோப மூஞ்சி. மத்தியானத்துக்குள் நாலாயிரம். அதை யார் யாருக்கோ அனுப்பி, பினாங்கிலும் பாரிஸிலும் முகம் தெரியாத ஆட்கள் எங்கள் தெருவின் மேல் கோபப்பட்டார்கள், கோபப்பட்ட ஒவ்வொருவரும் மூன்று லைக் அளவு உப்பை எங்கள் தொட்டியில் கொட்டினார்கள். சாயங்காலம் தண்ணீர் கடல் மாதிரி இருந்தது. மறுநாள் கடலே தேவலை என்று இருந்தது. மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் பொலபொலவென்று வெள்ளையாக உதிர்ந்தது, ஷவருக்குக் கீழே நின்ற சங்கப் பொருளாளருக்குத் தலையில் கல்லுப்பு விழுந்து நெற்றி புடைத்தது.

என் வீட்டுக் கேட்டை உலுக்கியது அன்றுதான். உள்ளே பதினைந்து பேர், வெளியே மிச்சப் பேர்.

“மைனி, ஒரு சின்ன வெரல் அசைவு. அழின்னு ஒரு பட்டன் இருக்குல்லா, அத அமுக்குனா முடிஞ்சிது” என்றார் ரொமால்டு சார்.

“அதே மாதிரி ஒரு சின்ன வெரல் அசைவுல பூட்டயும் தெறக்கலாம் சார்.”

“அது சங்கத் தீர்மானம்.”

“இது என் தீர்மானம்.”

“என் தலமுடியப் பாரு ஜெசிந்தா, தேங்கா நாரு மாதிரி ஆயிட்டு” என்றாள் ஸ்டெல்லா மைனி.

“மொளைக்கும் மைனி. கால்வெரல் மொளைக்காது.”

ரொமால்டு சார் என்னை விட்டுவிட்டு லயோனல் பக்கம் திரும்பினார். இந்த நகரில் எந்தப் பெண்ணிடமும் அவர் பேச்சு அப்படித்தான் முடியும். “அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக்கூடாதா?”

லயோனல் துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குக் காகிதம் சரிபார்த்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதுனதுல எது பொய்யின்னு காட்டுங்க, திருத்தச் சொல்லுதேன். பொய் இல்லன்னா, எனக்குச் சாப்பாட்டு நேரம்” என்றார்.

ரொமால்டு சார் மறுபடி அந்த அழிக்கிற பட்டனுக்கே வந்தார். நான் சொன்னேன், எங்கள் கான்வென்ட் சிஸ்டர் யூஜினி நோட்டில் ஒரு தாளைக் கிழிக்க விட மாட்டார், தப்பாக எழுதினால் மேலே ஒற்றைக் கோடு போட வேண்டும், கோட்டுக்குக் கீழே எழுதியது தெரிய வேண்டும், ஆகவே எனக்கு அழிக்கிற பழக்கம் இல்லை. பழக்கமில்லாததைச் செய்ய ஐம்பத்தி நாலு வயதில் எனக்குப் பொறுமையும் இல்லை. அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து ஜெரோம் கூப்பிட்டான், ஆபீஸில் எல்லாரும் வாசிக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றான். நான் போனை வைத்துவிட்டு அவன் படத்துக்குக் கீழேயே பதில் எழுதினேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்குத் தெரியும்படி ஒரு படத்தைப் போட்டுவைத்திருந்தான், அம்மாவைத் தாஜா பண்ண வேண்டுமே. “அன்புள்ள ஜெரோம், இங்கு அனைவரும் உப்பு. அழிக்க முடியாது. இப்படிக்கு அம்மா.”

ஆறாம் நாள் தொட்டி இறுகியது. அடியிலிருந்து மூடிவரை ஒரே பாறை, வெயிலில் மின்னியது, தூரத்தில் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எங்கள் நகருக்கு மேலே பனி பெய்திருக்கிறது என்று நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடப்பாரையோடு இரண்டு கூலியாட்கள் ஏறினார்கள், கடப்பாரை வளைந்தது. இன்னும் நாலு பேர் வந்தார்கள். எந்தப் பக்கம் தட்டினால் உப்பு பிளக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, தட்டத் தட்டத் தொட்டிச் சுவர்தான் விரிசல் விட்டது. உப்பு எப்படி விளைகிறது, எப்படி இறுகுகிறது, எங்கே கொடுத்தால் விடுகிறது என்று தெரிந்தவர்கள் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு கூட்டம்தான். அவர்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

ரொமால்டு சார் நேரில் போனார். நானும் கூடப் போனேன், பார்க்காமல் விட எனக்கு மனசில்லை. முத்தரசி காலை ஒரு செங்கல்மேல் நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார், கூலி என்னவென்று கேட்டார்.

“ஆகாசத்துல பாத்தி கட்டிருக்கீங்களே சார்” என்றாள் முத்தரசி. “கூலி எப்பவும் உள்ளதுதான். அதுக்கு முன்ன அந்தப் பூட்டு.”

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“சாவி வேண்டாம். பூட்டு வேணும்.”

“திறந்துதான விடுதேன்?”

“இன்னைக்குத் தெறப்பீங்க. சாவி ஒங்ககிட்ட இருக்குற வரைக்கும் நாளைக்குன்னு ஒண்ணு இருக்குல்லா.”

பூட்டு வந்தது. கூண்டும் வந்தது, அதை அவர்கள் கோழி அடைக்க எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பதினோரு பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். முத்தரசி கீழே நின்று, அந்த ஓரம், இந்தப் பக்கம், மெதுவா என்று சொல்லச் சொல்ல, பாறை அவர்களுக்குப் பழக்கப்பட்ட மாடு மாதிரி அசைந்து கொடுத்தது. நாலு நாள் கூடை கூடையாக இறக்கினார்கள். அவள் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்து, “நல்ல உப்புதான் யக்கா, கசப்பே இல்ல” என்றாள். ஸ்டெல்லா மைனி ஊறுகாய்க்கு என்று ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தலைமுடியை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

தொட்டி காலியானதும் புது போர் தண்ணீர் ஏற்றினார்கள். பழையபடி கரித்தது. சங்கம் மறுபடி என் வீட்டுக்கு வந்தது, இந்தத் தடவை கேட்டைத் தட்டிவிட்டு வந்தது. தொட்டியின் படம் என் பக்கத்தின் உச்சியில் இருக்கட்டும் என்றேன், தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும், முத்தரசியின் காலுக்கும் வேண்டும். என் சமையலைப் போடுவேன், பிடித்தவர்கள் விரலை வைக்கட்டும். ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றியதை, தோன்றிய அன்றைக்கே, என் பெயரில் எழுதுவேன். “கோபம் வந்தா?” என்று கேட்டார் பொருளாளர், நெற்றியைத் தடவிக்கொண்டே. வந்தால் வரட்டும் என்றேன். அதைச் சங்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை, எழுத நான் விடவுமில்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குழாயடியில் கூண்டில்லை. முத்தரசிக்கு ஒரு விரல் போயிற்று, ஒன்று பிழைத்தது, அந்தப் போன விரலுக்கு, பூட்டுக்குப் பிறகு நான் பூ காட்டிக்கொண்டிருந்த நாட்களும்தான் பொறுப்பு என்று நானே எழுதிப் போட்டேன், அதற்கு விழுந்த கோபத்தில் இரண்டு நாள் சோப்பு நுரைக்கவில்லை. தெருக்காரர்கள் யாரும் இப்போது கோப மூஞ்சியைத் தொடுவதில்லை, தொட்டால் அவர்கள் வீட்டுக் குழாயே கரிக்கும். என்மேல் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் வந்து, என் வாசலில் நின்று, வாயால் சண்டை போடுகிறார்கள். அது எனக்கு ஒத்துவருகிறது. வாயால் என்றால் நான் தோற்பதில்லை.

நேற்று, லூர்தம்மாள் நகர் சங்கத்தில் இருபத்தாறு வருடமாக ஒன்பது ஆண்கள் மட்டும் இருப்பது ஏன் என்று எழுதினேன், ஒன்பது பேரின் பெயரையும் வரிசையாகப் போட்டேன். வெளியூரில் யார் யாருக்கோ கோபம் வந்திருக்க வேண்டும், சிலருக்கு அவர்கள்மேல், சிலருக்கு என்மேல், தொட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இன்று காலை நான் வாசலில் நிற்கும்போது ரொமால்டு சார் கையில் டம்ளரோடு மதிலோரம் வந்தார்.

“காப்பிய வாயில வைக்க முடியல மைனி. என்ன எழுதித் தொலைச்சீங்க?”

“வாசிச்சிட்டு வந்து பேசுங்க சார்.”

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார், செல்போனை எடுத்தார், அங்கேயே நின்று வாசிக்கத் தொடங்கினார். தன் பெயர் வந்த இடத்தில் புருவம் ஏறியது. வாசித்துக்கொண்டே, நினைப்பில்லாமல், இன்னொரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. துப்பவில்லை, விழுங்கிவிட்டு, விரலால் மேலே தள்ளி அடுத்த வரிக்குப் போனார்.